உடையவரில்லாப் புதையல்: சாகச விளையாட்டின் கவர்ச்சியும் ஒரு கப்பலின் வரலாறும்

புதையல் தேடும் கதை மிகப் பழைமையானது. அதன்பால் மனிதர் கொண்ட நாட்டமும் அவ்வாறே. ஆயினும் அந்நாட்டம் காலந்தோறும் வெவ்வேறு ஊடகங்களைப் பற்றிக்கொண்டு வெவ்வேறு வடிவங்களை எடுத்து வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாவலாகவும், இருபதாம் நூற்றாண்டில் திரைப்படமாகவும் விளங்கிய இக்கதை, இன்று வீடியோ விளையாட்டாகப் பெருவழக்குப் பெற்றுள்ளது. இவ்வகை விளையாட்டுகளுள் முதன்மை வாய்ந்தது 'அன்சார்ட்டட்' என்னும் வரிசையாகும். கலிபோர்னியாவிலுள்ள நோட்டி டோக் நிறுவனம் ஆக்கி, சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் கருவிக்கென வெளியிட்ட இவ்வரிசை 2007இல் தொடங்கியது. 2009, 2011, 2016 ஆகிய ஆண்டுகளில் முதன்மைக் கதையின் ஏனைய மூன்று பாகங்களும், 2017இல் அதன் கிளைக்கதையாக அமைந்த இன்னொன்றும் வெளிவந்தன. 2017ஆம் ஆண்டின் இறுதியளவில் இவ்வரிசையின் விற்பனை 4 கோடிப் பிரதிகளைக் கடந்திருந்தது.

இத்துணைப் பெருந்தொகையினரை இவ்விளையாட்டின்பால் ஈர்த்தது யாது என்னும் வினாவுக்கு வழமையாகக் கூறப்படும் விடைகள் மூன்று. காட்சிகளின் அழகு, கதாநாயகனின் நகைச்சுவை, திரைப்படத்தை ஒத்த விறுவிறுப்பு என்பனவே அவை. இவை பொய்யல்ல. ஆனால் இவை மூன்றும் போர் விளையாட்டுக்கும் பொருந்தும்; விண்வெளி விளையாட்டுக்கும் பொருந்தும். புதையல் என்னும் பொருளுக்கே உரிய கவர்ச்சியை இவை விளக்குவனவாகா. புதையல் என்பது ஒரு செல்வம். செல்வத்துக்கு உடையவர் ஒருவர் இருத்தல் இயல்பு. உடையவர் இல்லாத செல்வம் ஒன்றை உருவாக்கிக் கொடுப்பதிலேயே இக்கதைவடிவத்தின் வல்லமை தங்கியுள்ளது. 'அன்சார்ட்டட்' என்னும் பெயரே இதற்குச் சான்று பகரும். வரைபடத்திற் குறிக்கப்படாத இடம் என்பது அதன் பொருள். யாருடைய வரைபடம் என்ற வினாவை அப்பெயர் எழுப்புவதில்லை.

கணினியில் ஆடப்பட்ட முதற் சாகச விளையாட்டும் புதையல் விளையாட்டாகவே இருந்தமை நோக்கத்தக்கது. வில்லியம் குறௌதர் என்னும் அமெரிக்கர் 1970களின் நடுப்பகுதியில் எழுதி, 1977இல் டொன் வூட்ஸ் என்பவர் விரித்தமைத்த குகை விளையாட்டில் படங்கள் எவையும் இல்லை. விளையாடுபவர் சொற்களைத் தட்டச்சுச் செய்ய, கணினியும் சொற்களாலேயே விடையிறுக்கும். கென்ரக்கி மாநிலத்திலுள்ள மம்மத் குகையின் உண்மையான அமைப்பைத் தழுவிய அக்குகையிலிருந்து புதையல்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து, வெளியேயுள்ள சிறு கட்டடமொன்றினுள் வைத்தால் புள்ளி கிடைக்கும். 1982இல் வெளிவந்த 'பிற்போல்' விளையாட்டில் காட்டினூடே ஓடும் ஒருவன் 20 நிமிடங்களுக்குள் 32 புதையல்களைத் திரட்டவேண்டும். இவற்றிற் புதையலுக்குக் கதை இல்லை, வரலாறும் இல்லை. அது புள்ளிக்கு இடப்பட்ட இன்னொரு பெயர் மாத்திரமே. 1996இல் இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட 'டூம் ரெய்டர்' விளையாட்டே முப்பரிமாண வெளியில் இடிபாடுகளை எழுப்பி, அவற்றினுள் ஏறவும் தாவவும் நீந்தவும் வாய்ப்பளித்தது. கல்லறையைக் கொள்ளையிடுபவர் என்று தன் தலைப்பிலேயே ஒப்புக்கொண்ட நேர்மை அதற்குண்டு. பின்வந்தவை அவ்வளவு வெளிப்படையாகப் பேசவில்லை.

ஆயினும் இவ்விளையாட்டுகளின் கதைமரபு கணினிக்கூடத்திலே பிறந்ததன்று. றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சனின் 'புதையல் தீவு' 1883இல் நூலாக வெளிவந்தது. அதனை விஞ்சிக் காட்டவேண்டும் என்ற முனைப்போடு றைடர் ஹகார்ட் எழுதிய 'சொலமன் அரசனின் சுரங்கங்கள்' 1885இல் வெளிவந்தது. இன்றைய விளையாட்டின் உறுப்புகள் அனைத்தும் அந்நாவலிலே காணப்படுகின்றன. பழைய வரைபடம், இறந்துபோன முன்னோடி, மலைக்கப்பாலுள்ள மறைந்த நாடு, பொறிவைத்த கல்லறை, கதவு மூடிக்கொள்ளும் கணம் என எதுவும் விடுபடவில்லை. மிக முக்கியமான உறுப்பொன்றும் அங்குண்டு. ஆபிரிக்காவின் நடுவே கிடக்கும் அப்பெருஞ்சாலையையும் சிலைகளையும் சுரங்கத்தையும் ஆக்கியவர்கள் அங்கு வாழும் மக்கள் அல்லர். என்றோ வந்து மறைந்த வேற்று நாகரிகத்தார் என்று நாவல் கருதச் செய்கின்றது. இதன்மூலம் அச்செல்வம் அங்குள்ளோரிடமிருந்து பிரிக்கப்படுகின்றது. பிரிக்கப்பட்ட பின்னர், அதனை முதலில் எட்டுபவனே அதற்குரியவனாகின்றான்.

இஃது ஒரு நாவலாசிரியரின் கற்பனை என்று தள்ளிவிடத்தக்கதன்று. தென்னாபிரிக்கப் பகுதியிலுள்ள பெருஞ் சிம்பாப்வே இடிபாடுகளை 1871இல் கண்ட கார்ள் மௌக் என்னும் ஜேர்மானியர், அவை ஷேபா நாட்டு அரசியோடு தொடர்புடையன என்றார். ஆபிரிக்கர் அத்தகைய கற்கட்டடங்களை எழுப்பியிருக்கமாட்டார் என்பது அன்றைய ஐரோப்பியரிடையே நிலவிய துணிபு. அப்பகுதியைச் சிசில் றோட்ஸின் பிரித்தானிய தென்னாபிரிக்கக் கொம்பனி கைப்பற்றிய பின், பழைய இடிபாடுகளைத் தோண்டிப் பொன் எடுப்பதற்கென்றே 1895இல் ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. வேண்டியது பொன் மாத்திரமே ஆதலின், பொன்னைச் சூழ்ந்திருந்த மண்ணடுக்குகளும் ஏனைய சான்றுகளும் சிதைந்தன. அவை ஆபிரிக்கரின் ஆக்கமே என்று 1905இல் றண்டல் மக்கைவரும், ஐயத்துக்கு இடமின்றி 1929இல் கேற்றூட் கேற்றன் தொம்சனும் நிறுவினர். அவ்வாறிருந்தும் றொடீசியாவின் வெள்ளையர் ஆட்சி அம்முடிவினை 1970களிலும் மனமுவந்து ஏற்கவில்லை. 1980இல் விடுதலை பெற்ற நாடு அவ்விடிபாட்டின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. உடையவரற்ற இடிபாடு என்னும் கருத்து எத்துணை பயன்பாடு மிக்கதாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நாவலுக்கும் விளையாட்டுக்கும் இடையே திரைப்படம் நிற்கின்றது. 1981இல் தொடங்கிய இந்தியானா ஜோன்ஸ் படங்களே அன்சார்ட்டட் வரிசையின் நேரடி முன்னோடிகள். அவற்றுள் இரண்டாவது படம் 1935ஆம் ஆண்டின் இந்தியாவிலே நிகழ்வதாக அமைந்தது. கதைச்சுவடியில் மாற்றங்கள் வேண்டுமென்று இந்திய அரசு கோரியமையால் படப்பிடிப்பு 1983இல் கண்டிப் பகுதிக்கு இடம்மாறியது. படத்தில் இந்தியக் கிராமவாசிகள் பேசுவது சிங்களம். உலகின் பெரும்பாலான பார்வையாளருக்கு அவ்வேறுபாடு புலப்படவில்லை. புலப்படவேண்டிய தேவையும் கதைக்கு இருக்கவில்லை. எனினும் ஒன்றை நேர்மையோடு குறிப்பிடல் வேண்டும். இவ்வகைப் படங்களுள் எடுத்த பொருளை அதற்குரிய ஊராரிடமே கதாநாயகன் திருப்பிக் கொடுக்கும் அரிய படமும் அதுவே. ஏனையவற்றில் பொருளின் ஈற்றிடம் பெரும்பாலும் அமெரிக்கக் கிடங்காகவோ பாதாளமாகவோ அமைகின்றது. அப்படம் எடுக்கப்பட்ட இந்நாட்டில், இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள்கள் அரசின் உடைமை என்பதனை 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே வரையறுத்திருந்தது. புதையலுக்கு உடையவர் உண்டு என்று சட்டம் கூறும் நாட்டில், உடையவரில்லை என்னும் கதை படமாக்கப்பட்டது.

இனி விளையாட்டினுள் நுழைந்து நோக்குதல் தகும். அன்சார்ட்டட் ஆட்டத்தில் விளையாடுபவர் செய்யும் செயல்கள் உண்மையிற் சிலவே: ஏறுதல், தாவுதல், சுடுதல், புதிர் அவிழ்த்தல். இவற்றுள் ஏறுதலே இன்பத்தின் அடிநிலை. இடிந்த சுவரின் விளிம்பு, சாய்ந்த தூண், சிலையின் தோள் ஆகிய யாவும் கைபற்றுவதற்கெனவே அமைக்கப்பட்டவை. பற்றத்தக்க விளிம்பு நிறத்தாலோ ஒளியாலோ சற்றே வேறுபடுத்தப்பட்டிருக்கும். கண் அதனைக் கண்டதும் விரல் பொத்தானை அழுத்த, கதாநாயகன் நேதன் டிறேக் தாவிப் பற்றுகின்றான். பெரும்பாலும் அவ்விளிம்பு பாதி உடைந்து விழ, அவன் ஒரு கையால் தொங்குகின்றான். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், பனிமலையின் விளிம்பிலே தொங்கும் புகையிரதப் பெட்டியினூடே காயமுற்ற நிலையில் அவன் மேலேறும் காட்சி இதன் உச்சம். விழுந்துவிடுவான் என்ற அச்சமும், விழமாட்டான் என்ற உள்ளுணர்வும் ஒருங்கே இயங்கும் அந்நிலையை வேறெந்தக் கலையும் இவ்வளவு நேரடியாகத் தருவதில்லை. நாவலைப் படிப்பவரும் படத்தைப் பார்ப்பவரும் அடுத்தவனின் ஆபத்தைக் காண்கின்றனர். விளையாடுபவரோ அவ்வாபத்திற் பங்கு கொள்கின்றார்.

இதன் விளைவொன்று ஊன்றி நோக்கற்பாலது. இடிபாடு இங்கு வாசிக்கப்படும் சான்று அன்று, ஏறப்படும் உடல். கோயில், மாடம், நூலகம் ஆகியவற்றிடையே ஆட்டத்தின் நோக்கில் வேறுபாடில்லை. அவற்றைக் கட்டியோரின் பயன்பாடு மறைந்து, தாவும் தூரமும் பற்றும் உயரமுமே எஞ்சுகின்றன. மேலும், பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்ற கட்டடம் டிறேக்கின் கால்பட்டதும் சரிகின்றது. முதற்பாகத்தின் எல்டொறாடோ கடலில் மூழ்குகின்றது. இரண்டாம் பாகத்தின் சம்பாலா அழிகின்றது. மூன்றாம் பாகத்தின் இரம் நகரம் மணலுள் அமிழ்கின்றது. அழிவுக்காட்சிகளின் நுட்பம் வியக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வழிவு வெறும் அலங்காரம் அன்று. தடயம் அழிந்தபின் உரிமை கோருபவர் தோன்றுதற்கு இடமில்லாது போகின்றது.

முதல் மூன்று பாகங்களின் செல்வங்கள் புராணத்தன்மை வாய்ந்தவை. அவற்றுக்கு உடையவர் யார் என வினாவுதல் பொருந்தாது என்று ஒருவர் வாதிடலாம். நான்காம் பாகத்துக்கு அவ்வாதம் ஏலாது. 2016 மே மாதத்தில் வெளிவந்த அப்பாகத்தின் புதையல் வரலாற்றிலே நாள் குறிக்கப்பட்ட ஒன்று. 1695 செப்ரெம்பரில் ஹென்றி எவ்ரி (ஏவரி என்றும் வழங்குவர்) என்னும் ஆங்கிலேயக் கடற்கொள்ளையன் கைப்பற்றிய கப்பலின் செல்வமே அது. விளையாட்டு அதனை 'கன்ஸ்வே' என்று அழைக்கும். இச்சொல் 'கஞ்ச்-இ-சவாய்' என்னும் பெயரின் ஆங்கிலச் சிதைவு. மிகுந்த செல்வம் என்பது அப்பெயர் தரும் கருத்து.

கஞ்ச்-இ-சவாய் மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் கப்பல். சூரத்துத் துறைமுகத்தின் மிகப் பெரிய கப்பல்களுள் ஒன்று. ஹஜ் யாத்திரையை முடித்த பயணிகளும், செங்கடற் கரையில் விற்ற பொருளின் விலையாகப் பொன்னும் வெள்ளியும் கொண்ட வணிகரும் அதிலே திரும்பிக்கொண்டிருந்தனர். எவ்ரி 1694இல் ஸ்பெயினின் கொறூனாத் துறைமுகத்தில் 'இரண்டாம் சார்ள்ஸ்' என்னும் ஆங்கிலக் கப்பலைக் கலகம் செய்து கைப்பற்றி, அதற்கு 'பன்சி' என்று பெயரிட்டு இந்து சமுத்திரத்துக்கு வந்திருந்தான். வேறு சில கொள்ளைக் கப்பல்களும் அவனோடு சேர்ந்துகொண்டன. முதலில் அகப்பட்டது சூரத்தின் பெருவணிகர் அப்துல் கபூருக்குச் சொந்தமான 'பத்தே முகம்மது'. அடுத்து கஞ்ச்-இ-சவாய். அக்கப்பலின் பீரங்கியொன்று வெடித்துத் தன்னவரையே கொன்றது. எவ்ரியின் குண்டு அதன் பெரும் பாய்மரத்தை முறித்தது. கப்பல் வீழ்ந்தபின் நிகழ்ந்தவை பல நாள்கள் நீடித்தன. செல்வம் ஒளித்துவைக்கப்பட்ட இடத்தை அறியப் பயணிகள் வதைக்கப்பட்டனர். பெண்கள் வன்புணரப்பட்டனர். மானங்காக்கச் சிலர் கடலிற் குதித்ததையும், சிலர் கத்தியால் உயிர் மாய்த்ததையும் அக்கால மொகலாய வரலாற்றாசிரியர் காபி கான் பதிவு செய்துள்ளார். இழப்பினை 52 இலட்சம் ரூபாய் என்று அவர் கணக்கிடுகின்றார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனி அதனை 3,25,000 பவுண் என்றது. மொகலாயர் தரப்பு 6,00,000 பவுண் என்றது. இழந்தவர் யார், இழந்தது எவ்வளவு என்பதில் இத்துணைத் தெளிவான கணக்கு எஞ்சியுள்ள கடற்கொள்ளை அரிது.

செய்தி சூரத்தை எட்டியதும் நகரமக்கள் கொதித்தெழுந்தனர். கொம்பனியின் தலைமை அலுவலர் சாமுவேல் அன்ஸ்லியும் அவரைச் சார்ந்தோரும் பண்டகசாலையினுள் பல மாதங்கள் சிறைவைக்கப்பட்டனர். தன் வணிகம் முழுவதும் பறிபோகும் என்று அஞ்சிய கொம்பனி, அரசினை நெருக்கியது. எவ்ரியின் தலைக்கு 1696இல் 500 பவுண் விலை வைக்கப்பட்டது. கொம்பனி அதனை இரட்டித்தது. எவ்ரி அகப்படவேயில்லை. அவனுடைய ஆட்களிற் சிலர் அகப்பட்டனர். 1696 ஒக்டோபரில் இலண்டனில் நடைபெற்ற வழக்கே இவ்வரலாற்றின் மிகவும் பொருள்பொதிந்த பகுதி. கஞ்ச்-இ-சவாயைக் கொள்ளையிட்ட குற்றத்துக்காக முதலில் விசாரிக்கப்பட்ட அறுவரையும் சான்றாயம் விடுதலை செய்தது. அதிர்ச்சியுற்ற அரச தரப்பு, ஆங்கிலக் கப்பலாகிய 'இரண்டாம் சார்ள்ஸை'த் திருடிய குற்றத்துக்காக அவர்களை மீண்டும் கூண்டிலேற்றியது. இம்முறை அவர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர், ஐவர் தூக்கிலிடப்பட்டனர். சூரத்து யாத்திரிகரின் செல்வம் திருடப்பட்டமை இலண்டன் சான்றாயத்துக்குக் குற்றமாகப் படவில்லை. ஆங்கில முதலாளியின் கப்பல் திருடப்பட்டமையோ தூக்குக்குரிய குற்றமாயிற்று. உடையவர் யார் என்பதைப் பொறுத்தே திருட்டு திருட்டாகின்றது என்பதற்குச் சட்டமே அளித்த சான்று அது.

கதை இதனினும் விரைவாகச் செயற்பட்டது. 1709இல் வெளிவந்த சிறுநூலொன்று எவ்ரியை மடகஸ்காரின் அரசனாக்கியது; மொகலாய இளவரசியை அவனுக்கு மணமகளாக்கியது. சில ஆண்டுகளில் அது இலண்டன் மேடையில் நாடகமுமாயிற்று. கப்பலில் நிகழ்ந்த கொடுமை 15 ஆண்டுகளுக்குள் காதற்கதையாக மாறிய இவ்விந்தையைச் சமூகவியலாளர் தனியே ஆராயலாம். 1724இல் முதற்பாகம் வெளிவந்த கடற்கொள்ளையர் வரலாற்று நூலின் 1728ஆம் ஆண்டுப் பாகத்திலே, மடகஸ்காரில் கொள்ளையர் அமைத்ததாகச் சொல்லப்படும் 'லிபர்டேலியா' என்னும் சமத்துவக் குடியரசு இடம்பெறுகின்றது. அத்தகைய குடியரசு இருந்தமைக்கு வேறு சான்றில்லை. உண்மையில் எவ்ரியின் கூட்டம் றீயூனியன் தீவிலே பங்கு பிரித்து, அமெரிக்கக் கரைக்குச் சென்று சிதறியது. 1693இல் யேமனில் அச்சிடப்பட்ட வெள்ளிக்காசொன்று 2014இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்து மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. எவ்ரியின் ஆட்களே அதனை அங்குக் கொண்டுசென்றிருத்தல் கூடும் என்று கருதப்படுகின்றது. பெரும்புதையலாக ஓரிடத்தில் அச்செல்வம் குவிந்திருக்கவில்லை. காசு காசாகச் செலவழிந்தது.

விளையாட்டு தெரிந்தெடுத்தது இவ்வரலாற்றையன்று, அதன்மேற் படர்ந்த கட்டுக்கதையை. எவ்ரியும் தோமஸ் ரியூ முதலிய கொள்ளைத் தலைவர்களும் மடகஸ்காருக்கு அப்பாலுள்ள தீவில் லிபர்டேலியாவை எழுப்பினர் என்றும், செல்வத்தின்மேற் கொண்ட பேராசையால் ஒருவரையொருவர் அழித்தனர் என்றும் அது கதை பின்னுகின்றது. பத்தே முகம்மதுவைத் தாக்கியபோதே ரியூ இறந்துவிட்டான் என்பது வரலாறு. விளையாட்டு அவனை உயிர்ப்பித்துப் பல்லாண்டு வாழவைத்து, இறுதியில் புதையற் கப்பலிலே எவ்ரியோடு பொருது மடியச் செய்கின்றது. கற்பனைக்கு இவ்வுரிமை உண்டு. இதனைக் குறையெனக் கூறுவதற்கில்லை. ஆனால் இறந்த கொள்ளையனுக்கு உயிரும் இல்லமும் எழுத்துகளும் உருவச்சிலையும் வழங்கிய அதே கற்பனை, அவன் கொள்ளையிட்ட கப்பலில் இருந்தோருள் ஒருவருக்கேனும் கதைமாந்தராக இடமளிக்கவில்லை. 40 கோடி டொலர் என்னும் மதிப்பு மாத்திரமே கன்ஸ்வேயிலிருந்து கதையினுள் வந்துசேர்கின்றது. புதையலுக்கு வழிகாட்டும் தடயங்கள் சிலுவையில் மனம்வருந்திய கள்வனாகிய புனித திஸ்மாசின் உருவத்தைத் தாங்கியிருப்பதும் கவனிக்கத்தக்கது. கள்வனின் மனவருத்தம் பேசப்படுகின்றது. களவு கொடுத்தவர் பேசப்படுவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. நான்காம் பாகம் பேராசையைக் கண்டிக்கும் படைப்பு. புதையலைத் தேடுவோர் யாவரும் அதனால் அழிவதை அது காட்டுகின்றது. டிறேக் தன் மணவாழ்வைப் பொய்யினால் குலைத்துக்கொண்டு, ஈற்றில் புதையலைக் கைவிட்டே மீள்கின்றான் என்பது அம்மறுப்பு. இஃது உண்மை. உண்மையில் இப்பாகத்தின் சிறந்த பகுதிகள் துப்பாக்கி முழங்காத பகுதிகளே. தன் பழைய நினைவுப்பொருள்கள் குவிந்த மேல்மாடியில் நின்று டிறேக் விளையாட்டுத் துப்பாக்கியால் பொம்மை இலக்குகளைச் சுடும் காட்சியும், கணவனும் மனைவியும் ஒரு சோபாவில் அமர்ந்து பழைய வீடியோ விளையாட்டொன்றை ஆடும் காட்சியும் முதிர்ந்த எழுத்தாளனின் கைவண்ணம் கொண்டவை. ஆக்கியோர் தம் வடிவத்தின் முரணை அறியாதவரும் அல்லர். கதையிலே இனிய இயல்பினனாகக் காட்டப்படும் டிறேக் ஆட்டத்திலே நூற்றுக்கணக்கானோரைச் சுட்டு வீழ்த்துவதைத் திறனாய்வாளர் சுட்டிக்காட்டியபோது, அத்திறனாய்வுக் கலைச்சொல்லையே 1,000 எதிரிகளை வீழ்த்துவோருக்கான விருதின் பெயராக அவர்கள் சூட்டினர். இந்நகைப்பு இனிது, ஆயினும் நகைத்ததனால் முரண் தீர்ந்ததில்லை.

பேராசை என்பது தேடுபவனின் உள்ளத்தைப் பற்றிய குற்றம். உரிமை என்பது வேறொருவரைப் பற்றிய வினா. முன்னதைப் பேசுவதனால் பின்னதைப் பேசியதாகாது. கப்பல் தீப்பற்றி மூழ்க, அச்செல்வம் மீட்கவியலாதவாறு குகையினுள் அமிழ்கின்றது. அது எவருக்கும் கிட்டாமற் போதல் நீதியாகத் தோன்றும். ஆனால் சூரத்துக்கும் அது கிட்டவில்லை. அதுமட்டுமன்று. டிறேக்கின் தமையன் சாம் யாரும் அறியாமல் எடுத்துவந்த சில பொற்காசுகள் டிறேக்கின் மனைவி எலேனாவிடம் சேர்கின்றன. அவற்றைக்கொண்டே அவ்விணையரின் புதுவாழ்வுக்கான தொழில் வாங்கப்படுகின்றது. ஹகார்டின் நாவலிலும் மூடிய சுரங்கத்திலிருந்து தப்பும்போது கதைசொல்லி சட்டைப்பையில் நிரப்பிக்கொண்ட சில வைரங்களே அவர்களைச் செல்வராக்குகின்றன. 1885க்கும் 2016க்கும் இடையே 131 ஆண்டுகள் கழிந்தும் சட்டைப்பை மாறவில்லை.

2017இல் வெளிவந்த 'இழந்த மரபுரிமை' என்னும் கிளைக்கதை இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. அதன் நாயகி குளோயி பிரேசர் இந்தியத் தந்தையின் மகள். களம் மேற்குத் தொடர்ச்சி மலை. தேடப்படும் பொருள் ஹொய்சளரோடு தொடர்புபடுத்தப்பட்ட கணேசரின் தந்தம். தந்தம் கற்பனை, ஹொய்சளர் கற்பனையல்லர். 1117இல் விஷ்ணுவர்த்தனன் பேலூரில் எழுப்பிய சென்னகேசவர் கோயிலும், ஹளேபீட்டின் ஹொய்சளேசுவரர் கோயிலும், சோமநாதபுரத்துக் கோயிலும் 2023இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. தமிழக வரலாற்றிலும் அவர்களுக்கு இடமுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழ பாண்டியரிடையே தலையிட்ட ஹொய்சளர், திருவரங்கத்துக்கு அணித்தான கண்ணனூரில் தமக்கொரு தலைநகரும் அமைத்தனர். அவர்தம் கோயில்களின் பெருமை உயரத்தில் இல்லை. மென்மையான மாக்கல்லிலே, விண்மீன் வடிவத் தளத்தின்மீது, நகை வேலைக்கு ஒப்பான நுணுக்கத்தோடு செதுக்கப்பட்ட சிற்பங்களில் உள்ளது. விளையாட்டில் அவை அருவிகளை அளாவும் பேருருவங்களாகிவிட்டன. விரல் நுனியால் தடவிப் பார்க்கவேண்டிய சிற்பம் ஏறத்தக்க விளிம்பாகாது. ஆதலின் ஹொய்சளர் தம் கலையின் இயல்பையே இழந்து விளையாட்டினுள் வருகின்றனர். ஏறுதலின் தேவை வரலாற்றை எவ்வாறு வளைக்கின்றது என்பதற்கு இதுவே தக்க சான்று.

அவ்வாறாயினும் வரிசையிலே புதியதொன்று இங்கு நிகழ்கின்றது. தந்தத்தை இந்தியாவின் கலாசார அமைச்சிடம் ஒப்படைக்கக் குளோயி முடிவு செய்கின்றாள். புதையலைக் கண்டவர் அரசுக்கு அறிவித்தல் வேண்டுமென்று இந்தியாவிலே 1878ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. விளையாட்டு அதனை எட்ட இன்னும் 139 ஆண்டுகள் வேண்டியிருந்தன. அரசே உண்மையான உடையவரா, அப்பொருளை வழிபட்டோரும் அதன் அருகே வாழ்ந்தோரும் எங்கே என்று மேலும் வினவலாம். ஆனால் கேள்வி எழுந்ததே பெரிது. அது எழும் முறையே குறைபாடுடையது. ஒப்படைத்தல் ஆட்டமாக அமையவில்லை. கதை முடிந்தபின் வரும் சிறு காட்சியில், பேச்சுவாக்கில், சாமின் முணுமுணுப்பினிடையே அது கடந்துபோகின்றது. விளையாடுபவரின் விரல்கள் எடுப்பதற்குப் பழக்கப்பட்டவை. கொடுப்பதற்கு அவற்றுக்குத் தொழில் தரப்படவில்லை.

இதனை ஊடகத்தின் இயலாமை என்று கொள்ளல் பொருந்தாது. 2009ஆம் ஆண்டின் இரண்டாம் பாகத்திலே காயமுற்ற டிறேக் திபெத்தியக் கிராமமொன்றிலே கண்விழிக்கின்றான். துப்பாக்கி இல்லை, ஏறவேண்டிய சுவரும் இல்லை. சிறுவர் பந்து விளையாடுகின்றனர், முதியோர் வாயிலில் அமர்ந்திருக்கின்றனர், கவரிமாடுகள் நிற்கின்றன. அதுவரை எதிரியைக் குத்துவதற்குப் பயன்பட்ட அதே பொத்தானை அங்கு அழுத்தினால், டிறேக் எதிரே நிற்பவருக்குக் கை நீட்டி வணக்கம் கூறுகின்றான். விளையாடியோர் பலர் அவ்வரிசையின் வெடிப்புகளை மறந்தபின்னும் நினைவிற் கொண்டுள்ள பகுதி அது. பின்னர் அக்கிராமத்தினுள் கவச வாகனம் புகுகின்றது. பொத்தான் பழைய தொழிலுக்குத் திரும்புகின்றது.